உறையில் இல்லாத பெயர்கள்

அன்புள்ள ஐயா,

மில்லி வனில்லி என்ற இருவர் பாப் இசைக் குழுவினர் மேடையில் பாடாமல் வாயசைத்தார்கள் என்பதற்காக அவர்களுடைய கிராமி விருதைப் பறித்தது நியாயமா? நடிகர் வாயசைக்க, வேறொருவர் பாடுவதைத் தலைமுறைகளாகத் திரையில் ரசித்துவருபவர்கள் நாம். அதில் இல்லாத ஏமாற்று இதில் மட்டும் எங்கிருந்து வந்தது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வாயசைப்புக்காக அந்த விருது பறிக்கப்படவில்லை. 1989 கோடையில், அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் அவர்கள் ஆடிக்கொண்டிருந்தபோது, பின்னால் ஓடிய ஒலிப்பதிவு சிக்கிக்கொண்டு பாட்டின் அரை வரியையே திரும்பத் திரும்ப ஒலித்தது. இருவரில் ஒருவரான ராப் பிலாட்டஸ் சற்று நேரம் ஈடுகொடுத்துப் பார்த்துவிட்டு மேடையை விட்டே ஓடினார். கூட்டம் அதைப் பெரிதுபடுத்தவில்லை. அடுத்த பிப்ரவரியில் விருதும் வந்து சேர்ந்தது.

இசைத்தட்டில் ஒலிப்பதே அவர்களுடைய குரல் அல்ல என்று தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியன் 1990 நவம்பரில் ஒப்புக்கொண்ட பிறகுதான் அது பறிபோனது. பாடியவர்கள் பிராட் ஹாவெல், ஜான் டேவிஸ், சார்ல்ஸ் ஷா முதலானோர். ஆனால் அமெரிக்கப் பதிப்பின் உறையில் குரலுக்கு உரியவர்களாக அச்சாகியிருந்தவர்கள் ராப் பிலாட்டஸும் ஃபேப் மோர்வனும்தான். நம் பின்னணிப் பாடலிலிருந்து இது விலகும் இடம் அந்த உறை. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் பாடுபவர் டி.எம்.சௌந்தரராஜன் என்பதை வானொலி அறிவிப்பாளர் பாட்டுக்கு முன்பே சொல்லிவிடுவார். முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று அறிந்தே இருவரையும் சேர்த்து ரசித்தோம். அந்த மரியாதையும் எளிதில் கிடைத்துவிடவில்லை. 1949இல் 'மகால்' இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடல் இசைத்தட்டாக வந்தபோது, அதில் லதா மங்கேஷ்கரின் பெயர் இல்லை; பாடியவராகக் கதாபாத்திரத்தின் பெயரான காமினிதான் இருந்தது.

அந்த இரு இளைஞர்கள்மீது எனக்குக் கோபம் இல்லை, வருத்தமே மிகுதி. உண்மை வெளிவந்த பின் லாஸ் ஏஞ்சலிஸில் செய்தியாளர்களைக் கூட்டி, தங்களாலும் பாட முடியும் என்று காட்ட அவர்கள் முன்னாலேயே பாடினார்கள், பலன் இல்லை. ராப் 1998இல் இறந்துபோனார். என் கோபம் ஃபேரியன்மீதுதான். எழுபதுகளிலேயே போனி எம் என்ற பாப் இசைக் குழுவில், மேடையில் ஆடிய பாபி ஃபாரெலின் வாயசைப்புக்கு இசைத்தட்டில் குரல் கொடுத்தவர் அவரே. முகத்தையும் குரலையும் தனித்தனியே வாங்கி ஒட்டும் தொழில் அவருக்குப் பழகியிருந்தது.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. பறிக்கப்பட்ட அந்த விருதின், அதாவது அவ்வாண்டின் சிறந்த புதுக் கலைஞருக்கான கிராமியின், இடம் வேறு எவருக்கும் தரப்படாமல் காலியாகவே விடப்பட்டது. பாடியவர்களை அப்போதும் எவரும் மேடைக்கு அழைக்கவில்லை.