மரபணு இருக்கிறது, மருந்தும் வேலை செய்கிறது: எதை நம்புவது?

ஹட்டனிலிருந்து ஒரு தங்கை கேட்கிறார்: கொழுந்தெடுக்கும் அம்மாவின் காலில் அட்டை கடித்த இடம் சீழ் பிடித்துவிட்டது. தனியார் ஆய்வுகூட ரிப்போட்டில், "ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ், மெக்-ஏ மரபணு உண்டு" என்று ஒரு வரி (முதலாவது கிருமியின் பெயர்; மெக்-ஏ, குளொக்சசிலின் போன்ற கிருமிக்கொல்லி மருந்துகளை எதிர்க்கும் புரதத்தைச் செய்யும் மரபணு). "செபொக்சிட்டின் 24 மில்லிமீற்றர், மருந்து வேலை செய்யும்" என்று இன்னொரு வரி (இது வில்லைச் சோதனை: குளொக்சசிலினுக்குப் பதிலாகச் செபொக்சிட்டின் வில்லையை வைத்து, அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளப்பார்கள்). ரவுனில் ஒருவர், "மரபணு பழுதாகியிருக்கும், குளொக்சசிலின் போதும்" என்று மாத்திரையும் கொடுத்துவிட்டார். கொடுக்கலாமா?

டொக்டர் பார்க்காமல் கொடுக்க வேண்டாம், தங்கச்சி.

பழுதாவது உண்மைதான். மரபணுவில் ஓர் எழுத்து மாறி, வாக்கியத்தின் நடுவே முற்றுப்புள்ளி விழுந்ததுபோல் ஆகிவிட்டால், மருந்தை எதிர்க்கும் புரதம் பாதியில் நின்றுவிடும். ஆய்வுகூடத் தட்டில் மருந்து வேலை செய்யும். ஆனால் பல கோடியில் ஒரு கிருமியில் அந்த எழுத்து பழையபடி திரும்பலாம். அல்லது புரதம் கோக்கும் ஆர்.என்.ஏ. ஒன்று மாறி, முற்றுப்புள்ளியைத் தாண்டி வாசித்துவிடலாம். சீழில் கிருமிகள் கோடிக்கணக்கில் உண்டு. குளொக்சசிலின் மற்றவற்றைக் கொன்று, அந்த ஒன்றுக்கு இடம் விட்டுக்கொடுக்கும். அதனால்தான் மெக்-ஏ இருந்தால், வில்லைச் சோதனை என்ன சொன்னாலும் எதிர்ப்புள்ள கிருமியாகவே கணக்கெடுக்கிறோம்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள். மரபணுச் சோதனையைச் சீழில் நேரடியாகச் செய்தார்களா, வளர்த்துப் பிரித்த கிருமியில் செய்தார்களா? சீழில் நேரடியாகச் செய்திருந்தால், தோலில் சும்மா குடியிருக்கும் வேறு ஸ்டபிலோகொக்கஸின் மெக்-ஏ அதில் அகப்பட்டிருக்கலாம். அம்மாவின் கிருமியில் அது இல்லாமலே இருக்கலாம். அப்படி இல்லையென்று உறுதியானால் குளொக்சசிலினே சரியான மருந்து. இந்த ஒரு வரியை ரிப்போட்டில் போட என்ன கஷ்டம்? ஆங்கிலத்தில் ஒரு தாளைக் கையில் திணித்து அனுப்பிவிடுகிறார்கள், விளக்க ஆளில்லை.

மாதிரி எடுக்கும் இடைத்தரகர்களிடமும் கவனம். சீழ் எடுத்த குச்சி கொழும்பு வேன் வரும்வரை தட்டில் கிடந்தால், அந்த ரிப்போட்டுக்குப் பெறுமதி குறைவு. எத்தனை மணிக்கு எடுத்தார்கள், எப்போது போய்ச் சேர்ந்தது என்று கேளுங்கள். டொக்டரின் துண்டில்லாமல் மாத்திரைக் கார்டை வெட்டி ஆறு மாத்திரை விற்கும் பார்மசிக்காரர் செய்வது சட்டப்படியே பிழை. இதை எத்தனை வருடம் சொல்வது!

ரிப்போட், மாத்திரைக் கார்டு இரண்டையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்கு அம்மாவைக் கூட்டிப் போங்கள். சீழ் திரண்டிருந்தால் கீறி வெளியேற்றுவதே பாதி வைத்தியம். காய்ச்சல் இருந்தால், சிவப்பு மேலே ஏறினால், அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் நாளைவரை காக்க வேண்டாம், இன்றிரவே போங்கள். ஏற்கெனவே மாத்திரை விழுங்கியிருந்தால் எத்தனை என்று டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.