இதயக் குறையுள்ள சிசு: பிரசவத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: தலைப்பிரசவத்துக்காக மகள் தேவகோட்டையில் எங்கள் வீட்டில் இருக்கிறாள், 30 வாரம் ஆகிறது. சிசுவின் இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்களும் இடம் மாறியிருப்பதாகவும், அதனால் மூளை வளர்ச்சி மெதுவாகலாம் என்றும் ஸ்கேன் பார்த்தவர்கள் சொன்னார்கள். இதயத்துக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? 37-ஆம் வாரத்தில் நல்ல நாள் பார்த்துச் சிசேரியன் செய்துவிடலாமா?

பதில்: ஆச்சி, வேறு மருத்துவக் காரணம் இல்லாதவரை 37-ஆம் வாரம் வேண்டாம்.

நஞ்சுக்கொடியிலிருந்து வரும் ஆக்சிஜன் மிகுந்த ரத்தம் வழக்கமாக இதயத்தின் இடது பக்கத்துக்குத் திரும்பி, அங்கிருந்து பெருந்தமனி வழியாக மூளைக்குச் செல்லும். உங்கள் பேரப்பிள்ளைக்குப் பெருந்தமனி வலது கீழறையிலிருந்து கிளம்புவதால், அந்த நல்ல ரத்தத்தின் பெரும்பகுதி நுரையீரல் தமனி வழியாக உடலின் கீழ்ப்பகுதிக்குப் போய்விடுகிறது. மூளைக்குக் கிடைப்பது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். மூளை தன் ரத்தக்குழாய்களை விரித்துக் கூடுதல் ரத்தத்தை வாங்கிக்கொள்ள முயன்றாலும், மடிப்புகள் வேகமாக உருவாகும் கடைசி மூன்று மாதங்களில் அது முழுமையாக ஈடுகட்டுவதில்லை. இத்தகைய கடும் குறைகளோடு நிறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் மூளை, முதிர்ச்சியில் ஏறக்குறைய ஒரு மாதம் பின்தங்கியிருந்ததை 2009-இல் வெளியான ஓர் எம்.ஆர்.ஐ. ஆய்வு காட்டியது. முதிராத மூளை அறுவை சிகிச்சைக் காலத்தில் எளிதில் பாதிக்கப்படும் என்பதால்தான் 39-ஆம் வாரம் வரை காத்திருக்கச் சொல்கிறோம். நாள் பார்ப்பதானால் அதற்குப் பிறகு பாருங்கள். இந்தக் குறைக்காக மட்டும் சிசேரியன் தேவைப்படுவதும் இல்லை.

பின்தங்கல் என்றால் மனவளர்ச்சிக் குறைபாடு என்று அஞ்ச வேண்டாம். பல பிள்ளைகள் சாதாரணப் பள்ளியிலேயே படிக்கிறார்கள். சிலருக்குப் பேச்சிலும் கவனத்திலும் கைவேலையிலும் உதவி தேவைப்படலாம்.

தாய் வீட்டுப் பிரசவம் என்ற வழக்கத்தை மட்டும் இம்முறை தளர்த்திக்கொள்ளுங்கள். பார்க்க நல்ல எடையோடு பிறக்கும் இக்குழந்தை சில மணி நேரத்திலேயே நீலம் பாரிக்கலாம். உடனே, இரண்டு பெரிய குழாய்களுக்கும் இடையிலுள்ள இணைப்பு மூடிவிடாமல் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் மருந்தும், சிலருக்கு இதயத்தின் இரு மேலறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரில் பலூன் மூலம் திறப்பை அகலப்படுத்துவதும் தேவைப்படும். அந்நேரத்தில் ஆம்புலன்சில் மதுரைக்கு விரைவதைவிட, பச்சிளங்குழந்தை இதய அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்கு அருகே முன்னதாகவே போய்த் தங்குவது நல்லது. மகளுக்கு ரத்தசோகை இருந்தால் சரிசெய்யுங்கள். மூளை வளர்க்கும் என்று விற்கப்படும் பொடிகளுக்குப் பணம் செலவழிக்காதீர்கள். அறுவை சிகிச்சை முடிந்த பின், இதயப் பரிசோதனையோடு வளர்ச்சிப் பரிசோதனைக்கும் தேதி கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் (வளர்ச்சி பின்தங்கும் குழந்தைகளுக்குச் சிறு வயதிலேயே பயிற்சி தரும் இடங்கள்) பேச்சுப் பயிற்சியும் இயன்முறைப் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கும்.