கிளிப்பிள்ளை வேலையா?

அன்புள்ள சார்,

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவள். வீட்டில் தமிழ், சீனப்பள்ளியில் மாண்டரின், தெருவில் கான்டனீஸ் என்ற இன்னொரு சீனம். இப்போது ஹாங்காங்கில் மொழிபெயர்ப்பு படிக்கிறேன். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று ஆசை. ஊரில் மாமா, "சொன்னதைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளை வேலைக்கா இத்தனை படிப்பு?" என்கிறார். போன வாரம் வகுப்பில் மாதிரி விசாரணை நடந்தது. சாட்சியாக நடித்தவர் தடுமாறினார், சொன்னதையே சொன்னார், பாதியில் விட்டார். நான் அதை ஒழுங்குபடுத்தி நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். ஆசிரியை கடிந்துகொண்டார். புரியும்படி சொன்னது தப்பா? அப்படியென்றால் மாமா சொல்வதுதான் சரியா? நீங்கள் பல வருஷம் ஹாங்காங்கில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் ஆசிரியை சொன்னது சரி. மாமா சொன்னது சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சாட்சி தடுமாறினால் அந்தத் தடுமாற்றமும் சாட்சியம்தான். நீதிபதி அதையும் சேர்த்துத்தான் எடைபோடுகிறார். நீங்கள் அதைச் சீர்செய்து கொடுத்தால், தெளிவாகப் பேசும் ஒரு சாட்சியை அவர் முன்னால் நிறுத்துகிறீர்கள். அப்படி ஒரு ஆள் கோர்ட்டுக்கு வரவே இல்லை.

ஹாங்காங்கில் எங்கள் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கோர்ட் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். அவர் சொல்லித்தான் நான் ஒருநாள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பொதுமக்கள் வரிசையில் போய் உட்கார்ந்தேன். அடிதடி வழக்கு. மாஜிஸ்திரேட் வெள்ளைக்காரர், விசாரணை ஆங்கிலத்தில். சாட்சி எழுபது தாண்டிய ஒரு பாட்டி. மொழிபெயர்த்த அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும், மடியில் சின்னக் குறிப்பேடு. பாட்டி, "கதவு திறந்தது, வந்து தள்ளியதுமே நான் விழுந்துவிட்டேன்" என்கிற மாதிரி சொன்னார். கான்டனீஸில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல். அந்த வீட்டில் மகனும் உண்டு, மருமகளும் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவன் மகன். அந்த இடத்தில் "ஹீ" என்று போட்டுக்கொண்டு போய்விடுவது எவ்வளவு சுலபம்! அந்த அம்மா போகவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, "மொழிபெயர்ப்பாளர் ஒரு விளக்கம் கேட்க அனுமதி வேண்டுகிறார்" என்றார். தன்னையே படர்க்கையில் சொன்னார். ஏனென்றால் அந்த அறையில் அவர் வாயிலிருந்து வரும் "நான்" சாட்சியினுடையது. கேட்டார்கள். பாட்டி சட்டென்று, "மருமகள்தான்" என்றார். வக்கீல்கள் இருவரும் காகிதத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள்.

கிளி இதைச் செய்யாது, ஆர். எது தெரியவில்லை என்று அதற்குத் தெரியாது.

தமிழ் உங்களுக்குப் பெரிய துணை என்று நினைக்கிறேன். "நீங்கள் அன்றிரவு அங்கே போகவில்லையா?" என்று கேட்டால் நாமும் "ஆமாம்" என்போம், போகவில்லை என்ற பொருளில். கான்டனீஸிலும் மாண்டரினிலும் அப்படித்தான். அதை வெறும் "எஸ்" என்று சொன்னால் ஆங்கில வக்கீல் போனதாகவே எடுத்துக்கொள்வார். உறவுமுறையும் அதே கதைதான். வக்கீல் "கசின்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். சீனத்தில் அதற்கு எட்டுச் சொல்: ஆணா பெண்ணா, மூத்தவரா இளையவரா, அப்பாவின் சகோதரர் பிள்ளையா, மற்ற வழியா என்று தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. அத்தை மகனும் சித்தப்பா மகனும் ஒன்றில்லை என்று அறிந்து வளர்ந்த உங்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இதைவிடக் கஷ்டமான ஒன்று இருக்கிறது. கான்டனீஸ் அம்மாக்கள் பிள்ளைகளைத் திட்டுகிற வார்த்தையை நேராகச் சொன்னால் "அடித்தே கொன்றுவிடுவேன்" என்று வரும். நம் அம்மாக்களும் சொல்வதுதான், யாரும் கொல்வதில்லை. ஆனால் கொலைமிரட்டல் வழக்கில் அந்த வார்த்தை வந்தால் மென்மையாக்கவும் கூடாது, கூர்மையாக்கவும் கூடாது. அது வீட்டுத் திட்டுதான் என்று வாதாடுவது வக்கீலின் வேலை. உங்களுக்கு உண்மை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர், முப்பது வருஷத்தில் இதுதான் தன்னைத் தூங்கவிடாமல் செய்தது என்றார்.

ஹாங்காங் கோர்ட்டில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. அறையில் முக்கால்வாசிப் பேருக்குக் கான்டனீஸ் தெரியும். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் அவர்கள் மூலத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் ஆங்கிலத்தில் நடக்கும் வழக்கில் பதிவில் நிற்பது உங்கள் ஆங்கிலம். அப்பீலுக்குப் போனால் நீதிபதி படிப்பது பாட்டியின் சொல்லை அல்ல, உங்கள் சொல்லை.

சீனம் அங்கே ஆட்சிமொழியானது 1974-இல். மேல் கோர்ட்டுகளில் சீனத்தில் வழக்கு நடத்த 1995-இல்தான் சட்டம் திருத்தினார்கள். அதுவரை அந்தக் கோர்ட்டுகளில் ஆங்கிலம் தெரியாத சீனர் ஒருவரின் குரல் மொழிபெயர்ப்பாளரின் வாய் வழியாகத்தான் போனது. மாமாவிடம் ங் சோய் பற்றிச் சொல்லுங்கள். உங்கள் பக்கத்து ஆள்தான், 1842-இல் அன்றைய நீரிணைக் குடியேற்றத்தில், அதாவது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் சேர்ந்த பிரிட்டிஷ் பகுதியில் பிறந்தவர். ஹாங்காங் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டு லண்டன் போனார். 1877-இல் இங்கிலாந்தில் பாரிஸ்டரான முதல் சீனர். 1880-இல் ஹாங்காங் சட்டமன்றத்தில் உட்கார்ந்த முதல் சீனரும் அவரே. வூ திங்ஃபாங் என்ற பெயரில் சீன அரசின் தூதராக அமெரிக்காவுக்கும் போனார். இரண்டு மொழிக்கு நடுவே நின்று சட்டத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மனிதர் என்றுதான் அவரை நினைத்துக்கொள்வேன்.

சரி, பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். எண்களை மனதில் வைக்காதீர்கள், எழுதிவிடுங்கள். நமக்கு லட்சம் போல சீனர்களுக்குப் பத்தாயிரம் ஒரு அலகு, "மான்". "சாம் சாப் மான்" என்றால் முப்பது பத்தாயிரம், அதாவது மூன்று லட்சம். களைத்த மத்தியானத்தில் அது முப்பதாயிரமாக வாயில் வந்துவிடும். பக்கத்து வீட்டுக்காரர் குறிப்பேட்டில் முதலில் பூஜ்யங்களைப் போட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாராம். அடுத்த மாதிரி விசாரணையில் சந்தேகம் வரும் இடத்தில் கையைத் தூக்கிப் பாருங்கள். ஆசிரியை என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.