“எல்லா உலோகங்களும் திண்மமல்ல”: சரியா, பிழையா?

“அறை வெப்பநிலையில் எல்லா உலோகங்களும் திண்மமல்ல” என்ற கூற்றைப் பிழை என்று குறித்த உங்கள் மகளுக்குப் புள்ளி போனது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில் பிள்ளையில் பிழையில்லை, வசனத்தில்தான் பிழை.

தமிழில் “எல்லாம்... அல்ல” என்பதை இரண்டு விதமாக வாசிக்கலாம். ஓர் உலோகமும் திண்மமல்ல என்று எடுத்தால் கூற்று பிழை, ஏனென்றால் இரும்பு திண்மம். திண்மமல்லாதவையும் உண்டு என்று எடுத்தால் சரி: இரசம் (பாதரசம்) சுமார் −39 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். வினா தயாரித்தவர் இரண்டாவதை நினைத்திருக்கிறார், மகள் முதலாவதை வாசித்திருக்கிறாள். “திண்மமல்லாத உலோகங்களும் உண்டு” என்று எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே வந்திராது.

வெள்ளவத்தையில் நான் படிப்பிக்கும் பிள்ளைகளும் இதே இடத்தில் தடுமாறுவார்கள். உயர்தர இரசாயனவியலில் 50 பல்தேர்வு வினாக்களுக்கு 2 மணித்தியாலம், அதாவது ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். அதற்குள் வசனத்தோடு மல்லுக்கட்டவைப்பது அநியாயம்.

இரண்டு கூற்றுகளைத் தந்து எது சரி என்று கேட்கும் வினாவில், “முதலாவது மாத்திரம் சரி” என்ற தெரிவில் “மாத்திரம்” விடுபடுவதும் இப்படித்தான். இரண்டு கூற்றும் உண்மையானால், “முதலாவது சரி” என்ற தெரிவும் பொய்யாகாதே!

அப்புறம், மகளின் ஆசிரியரிடம் இரண்டு வாசிப்பையும் எழுதிக் காட்டுங்கள். புள்ளியைத் திருப்பிக் கேட்பதில் தப்பே இல்லை.