போர்வெல் தண்ணீரும் ரெயின்போ மீனும்: கேள்வி பதில்

தொட்டியில் ரெயின்போ மீன் வளர்க்கும் நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. முக்கால்வாசி தண்ணீரைப் பற்றித்தான். நம் ஊரில் வேறு எதைக் கேட்பீர்கள்!

பாலக்கோடு: அண்ணா, எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது, குடமெல்லாம் வெள்ளைப் படிவு. போஸ்மானி ரெயின்போ பிழைக்குமா?

பிழைக்கும் தம்பி. மென்னீர் மீனான நியான் டெட்ரா என்றால் வேண்டாம் என்றிருப்பேன். போஸ்மானியின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் பப்புவாப் பகுதியில் உள்ள அயமாரு ஏரிப் பக்கம். அது சுண்ணாம்புப் பாறை நிலம், தண்ணீரும் காரத்தன்மையுள்ள கடினநீர். தொட்டியில் 8 முதல் 15 டிகிரி வரை கடினத்தன்மை இருந்தால் தாராளம். ஒரு டிகிரி என்பது லிட்டருக்குச் சுமார் 18 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். உங்கள் போர் 30 காட்டினால் பாதிக்குப் பாதி ஆர்.ஓ. தண்ணீர் கலந்தால் 15-க்கு வந்துவிடும்.

ஆனால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். என் முதல் தொட்டியில் ‘நல்ல தண்ணீர்’ தருகிறேன் என்று முக்கால் தொட்டியை வடித்துவிட்டு, வெறும் ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் காலைக்குள் நான்கு மீன் போயிற்று. அதுவரை அதே உப்புத் தண்ணீரில் அவை நன்றாகத்தான் இருந்தன. இப்போது வாரம் ஒருமுறை கால்வாசி மட்டும், அதுவும் முன்கூட்டியே கலந்து வைத்த தண்ணீர்தான்.

ஊத்தங்கரை: டிடிஎஸ் மீட்டர் 900 காட்டுகிறது. அப்படியானால் கடினத்தன்மை எவ்வளவு?

அந்த மீட்டரை வைத்துச் சொல்ல முடியாது. அது சோடியம், குளோரைடு என்று கரைந்த உப்பு எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடும். கடினத்தன்மை என்பது கால்சியமும் மெக்னீசியமும்தான். கடினத்தன்மையை அளக்க, சொட்டு மருந்து போல வரும் ஜிஎச் கிட் வாங்குங்கள். பெரும்பாலான கிட்டில் நிறம் மாறும்வரை விட்ட சொட்டுகளின் எண்ணிக்கைதான் டிகிரி.

வீட்டில் உப்பு போட்டு ஓட்டும் சாஃப்ட்னர் இருந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைத்துவிடும். மீட்டரில் பெரிய மாற்றம் தெரியாது, ஆனால் அது வேறு தண்ணீர்.

ஓசூர்: ஆர்.ஓ. கழிவுத் தண்ணீர் வீணாகிறதே சார், தொட்டிக்கு விடலாமா?

கூடாது. வடிகட்டி ஒதுக்கிய உப்பும் ஃப்ளோரைடும் அதில்தான் செறிந்திருக்கும். வாசல் கழுவுங்கள். அப்புறம், உங்கள் ஊர் மார்கழிக் குளிருக்கு ஹீட்டர் அவசியம். 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போகவிடாதீர்கள்.

பென்னாகரம்: ஒகேனக்கல் தண்ணீரை நேராக ஊற்றலாமா?

ஃப்ளோரைடு தொல்லைக்காக 2013-ல் நம் இரண்டு மாவட்டங்களுக்கும் வந்த திட்டம் அது. ஆற்றுத் தண்ணீர், போரைவிடப் பெரும்பாலும் மென்மையாக இருக்கும். ஆனால் குளோரின் போட்டு வரும். வாளியில் பிடித்து ஏர் பம்ப் ஓட விட்டு ஒருநாள் கழித்து ஊற்றுங்கள், அல்லது குளோரின் நீக்கும் மருந்து கலந்து ஊற்றுங்கள். ஒருநாள் போர், ஒருநாள் குழாய் என்று மாற்றி மாற்றி ஊற்றுவதுதான் ஆபத்து.

கிருஷ்ணகிரி: கிரானைட் துண்டுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. போடலாமா?

போடலாம், கிரானைட் தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டாது. பாலிஷ் போடாத துண்டாகப் பார்த்து, தூள் போகக் கழுவுங்கள். மார்பிள், கிளிஞ்சல் வேண்டாம், அவை மெல்லக் கரையும். சந்தேகமாக இருந்தால் கல்லில் வினிகர் சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்பு.

காவேரிப்பட்டணம்: சித்திரை வெயிலில் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. போர் தண்ணீர் விட்டு நிரப்புகிறேன், சரிதானே?

இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். மேலே போர் தண்ணீர் ஊற்ற ஊற்ற டிகிரி ஏறிக்கொண்டே போகும். குறைந்ததை ஆர்.ஓ.வால் நிரப்புங்கள். கலந்த தண்ணீர், வாராந்திர மாற்றத்துக்கு மட்டும்.

அரூர்: கடையில் வாங்கிய போஸ்மானி சாம்பல் நிறமாகவே இருக்கிறதே?

குஞ்சு அது. முன்பாதி நீலம், பின்பாதி ஆரஞ்சு என்று வர ஒரு வருடம்கூட ஆகலாம். ஆறு மீனுக்குக் குறையாமல், நான்கடித் தொட்டியில் விடுங்கள். வாய் பெரிதாகத் தெரிந்தாலும் தொண்டை சிறிது, பொடித் தீனிதான் சரி. தொட்டிக்கு மூடி போட்டீர்களா? துள்ளிக் குதிக்கும் மீன் இது.