படகு எஞ்சினில் ஸ்பார்க் பிளக் துருப்பிடித்து உள்ளுக்குள் உடைந்துவிட்டது. ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) மாற்றாமல் எடுக்க முடியுமா?

இரண்டு ஸ்ட்ரோக் அவுட்போர்ட் (படகின் பின்பக்கம் வெளியே பூட்டுகிற எஞ்சின்) என்றால் பெரும்பாலும் முடியும். மேல் பாகம் பிளக் சாவியோடு முறிந்து வந்துவிட்டது, மரையுள்ள துண்டு உள்ளே நிற்கிறது, கடையில் புது ஹெட் வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஹெட் எஞ்சினில் பூட்டியபடியே குத்தாதீர்கள், துளைக்காதீர்கள். பிளக்கின் நடுவிலுள்ள வெள்ளைப் பீங்கானில் ஒரு சில்லு சிலிண்டருக்குள் விழுந்தால் போதும், பிஸ்டன் ஏறி இறங்கும்போது சுவரைக் கீறிவிடும். ஹெட்டைக் கழற்றி மேசையில் வையுங்கள். "ஹெட் போல்ட்டும் முறியும், வேலை இரட்டிப்பாகும்" என்று யாராவது கீழே எழுதுவார்கள். முறியும்தான். அதனால் போல்ட்டுகளுக்கும் முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். ஹெட்டுக்கு அடியில் வைக்கிற புது கேஸ்கட் ஒன்று கட்டாயம் வேண்டும். ஹெட் விலைக்கு அது பெரிய செலவில்லை.

என் மாமா, மனைவியின் தகப்பன், மட்டக்களப்பு பாலமீன்மடு முகத்துவாரத்தால் கடலுக்குப் போகிறவர். அவருடையது 15 குதிரைவலு, பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடுகிற எஞ்சின். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் போட் கரையில் கிடந்தது. பிறகு வாடைக்காற்று தொடங்கி மாரி முழுக்கக் கிடந்தது. பிளக் தொப்பியின் ரப்பர் வெடித்து, குழிக்குள் உப்புத்தண்ணீர் தேங்கியிருந்தது. பிளக்கின் உடம்பு இரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டுக்கும் நடுவே உப்புத்தண்ணீர் நின்றால் அலுமினியம் அரித்து, மாவுபோல வெள்ளையாக ஒன்று மரைக்குள் இறுகும். சிவப்புத் துருவை விட அதுதான் பிளக்கைப் பிடித்து வைத்திருப்பது.

டவுனில் ஒரு கராஜில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஐயா, இது சரிவராது, புது ஹெட் போடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கையால் தொடக்கூட இல்லை. கடலுக்குப் போகாமல் கடனில் இருக்கிற மனிதரிடம் அப்படிச் சொல்ல எப்படி மனம் வந்ததோ தெரியாது. மாமா என்னிடம் வந்து, "மருமகன், உங்களால ஏலுமா?" என்று கேட்டார். நான் லேத் வேலைக்காரன், போட் மெக்கானிக் இல்லை. ஆனால் முறிந்த மரை எடுப்பது என் அன்றாட வேலை.

பீங்கானை உடைத்து எடுத்தேன். அடிப்பக்கம் வளைந்து நிற்கிற முனையைக் குறட்டால் முறித்தேன், இல்லாவிட்டால் எதுவும் உள்ளே இறங்காது. இரண்டு பக்கமும் எண்ணெய் விட்டு ஊறவிட்டேன். பிறகு ஹெட்டைச் சூடாக்கினேன். சூட்டில் இரும்பை விட அலுமினியம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விரியும், அதனால் பிடி இளகும். ஆனால் கவனம், அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து காட்டாது, திடீரென்று உருகி வழியும். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகும் சூடு காணும். பெற்றோல் தாங்கி பக்கத்தில் இருக்கவே கூடாது.

இடமரை எக்ஸ்ட்ராக்டர் (முறிந்த துண்டுக்குள் இடப்பக்கமாகத் திருகி அதைக் கழற்றுகிற கருவி) போட்டுத் திருப்பினேன், அசையவில்லை. அதற்கு மேல் பலம் கொடுக்கவில்லை. அது உள்ளே முறிந்தால் சாதாரண துளைப்பான் அதில் ஏறாது, அப்போதுதான் ஹெட் உண்மையிலேயே போகும். வெறும் ஹாக்சோ பிளேடைத் துணி சுற்றிப் பிடித்து, உள்ளிருந்து மரையை நோக்கி அறுத்தேன். விழுகிற தூளைப் பாருங்கள். கறுப்பாக விழும்வரை இரும்பு. வெள்ளி நிறத்தில் மினுங்கத் தொடங்கினால் ஹெட்டின் மரையைத் தொட்டுவிட்டீர்கள், உடனே நிறுத்துங்கள். இப்படி இரண்டு வெட்டுப் போட்டு, சின்ன உளியால் அந்தத் துண்டை உட்பக்கம் தட்டியதும் சுருங்கிக் கழன்றது. மரை வெட்டுகிற 14 மில்லிமீற்றர் டாப் ஒன்றைக் கிரீஸ் பூசிக் கையால் ஓட்டி மரையைத் துப்புரவாக்கினேன். மரை போயிருந்தாலும் லேத்தில் ஹெலிகாய்ல் (புது மரையாக உள்ளே போடுகிற கம்பிச் சுருள்) போடலாம், அதற்கும் புது ஹெட் தேவையில்லை.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், 2022 ஓகஸ்ட்டில் லீற்றர் 87 ரூபாய் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 340 ரூபாயானது. கொழும்பில் அதை விளக்கு எரிக்கிற எண்ணெய்க் கணக்கில் பார்த்திருப்பார்கள். எங்கள் கரையில் அது தொழில் செய்கிற எண்ணெய். வள்ளங்கள் வரிசையாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். எஞ்சின்கள் அப்படிப் பழுதானதற்கு மீனவர்களின் கவனயீனம்தான் காரணம் என்று இந்தத் தளத்திலேயே ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

புது பிளக்கைக் கையால் முழுதாகத் திருகுங்கள், கடைசி அரைச் சுற்றுக்கு மட்டும் சாவி. மரையில் கிரீஸ் பூச வேண்டாம் என்று பிளக் செய்கிறவர்கள் சொல்வது வழுக்கி அதிகமாக இறுகிவிடும் என்பதால். உப்புத்தண்ணீரில் ஓடுகிற எஞ்சினுக்கு நான் மெல்லிசாகப் பூசி, குறைவாக இறுக்குவேன். மாரிக்குக் கரையேற்ற முதல் பிளக்கைக் கழற்றிப் பூட்டி வையுங்கள், தொப்பி ரப்பரையும் பாருங்கள்.

உங்களுடையது நான்கு ஸ்ட்ரோக் என்றால் ஹெட் கழற்றுவது வேறு வேலை, மேலே சொன்னதைச் செய்ய வேண்டாம். எந்த எஞ்சின், உள்ளே பீங்கான் இன்னும் நிற்கிறதா என்று எழுதுங்கள் தம்பி.