குளிரில் மக்கர் செய்யும் டீசல் வண்டிகள்: கேள்வி-பதில்

அவசரத்தில் ஹீட்டர் விளக்கு அணையும் முன்பே செல்ஃப் அடிக்கிறேன். தவறா? (குன்னூர்)

தவறுதான். சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் தயார் என்று அணைந்து காட்டத்தானே அந்த விளக்கையே வைத்திருக்கிறார்கள்? பல் கிட்டும் குளிரென்றால் சாவியை அணைத்து மறுபடி ஒரு தடவை ஹீட்டர் போட்டுவிட்டு அடியுங்கள். செல்ஃப் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம். நடுவே அரை நிமிடம் விடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை, நடுக்கம். (வால்பாறை)

எரியாத டீசல்தான் புகையாக வருகிறது. நடுக்கமும் இருப்பதால் ஹீட்டர் பிளக் ஒன்று போயிருக்கலாம். பிளக் ஒயரைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை பிளக்கின் தலையில். விளக்கு எரியாவிட்டால் அந்த பிளக் செத்தது. எஞ்சின் சூடான பிறகும் புகை நிற்காமல் கூலண்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. என்ன செய்ய? (கோத்தகிரி)

என்ன வண்டி? செல்ஃப் சுற்றுகிறதா? எனக்கு ஜோசியம் தெரியாது. விவரத்தோடு எழுதுங்கள்.

டீசல் உறைகிறதாம். 10 லிட்டருக்கு 1 லிட்டர் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்கிறார் மெக்கானிக். காமன் ரெயில் வண்டி (எல்லா இஞ்செக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும் வகை), செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. (கொடைக்கானல்)

வருடா வருடம் இதே கடிதம், ஊர் பெயர்தான் மாறுகிறது. டீசல் உறைந்தால் வண்டி பெரும்பாலும் ஸ்டார்ட் ஆகும், ஒன்றிரண்டு நிமிடம் ஓடும், அப்புறம் திணறி நின்றுவிடும். மெழுகு பிரிந்து ஃபில்டரை அடைப்பதால் வருவது அது. உங்களுக்கோ செல்ஃபே இழுக்கிறது. சந்தேகமே வேண்டாம், முதலில் பேட்டரியைப் பாருங்கள். 0 டிகிரி குளிரில் அதன் பலம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். ஆயிலும் கெட்டிப்பட்டிருக்கும். எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் டீசல் பற்றிக்கொள்ளும் அளவுக்குக் காற்று சூடாகாது. இதில் மண்ணெண்ணெய்க்கு என்ன வேலை? காமன் ரெயில் பம்ப் 1,500 பாருக்கு மேல் அழுத்துகிறது, அதற்கு மசகே டீசல்தான். மண்ணெண்ணெயில் வழவழப்பு குறைவு. பம்ப் தேய்ந்தால் இரும்புத் தூள் இஞ்செக்டர் வரை போகும். அப்புறம் பில் லட்சத்தைத் தொடும். ‘அந்தக் கால ஜீப் தாங்கியதே’ என்பார் உங்கள் மெக்கானிக். அந்த பம்ப் வேறு. ரேஷன் மண்ணெண்ணெய் என்றால் குற்றமும்கூட. டெர்மினலில் பச்சையாகப் பூத்திருந்தால் ஒயரைக் கழற்றி, வெந்நீர் ஊற்றித் தேய்த்துத் துடைத்து, இறுக்கி மாட்டுங்கள். எர்த் ஒயரையும் பாருங்கள். பேட்டரிக்கு நாலு வயதுக்கு மேல் என்றால் மாற்றிவிடுங்கள்.

நவம்பரில் லே போகிறோம். டேங்குக்கு அடியில் தீ மூட்டினால் போதுமாமே? (நாமக்கல், லாரி)

உயிரோடு விளையாடாதீர்கள். அங்கே டீசல் உறைவது நிஜம், ஆனால் அதற்கு வழி இருக்கிறது. மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் லடாக்குக்காகக் கொண்டுவந்தது. சமவெளியில் போட்ட டீசல் குறைந்த பிறகு மேலே போய் அதை நிரப்புங்கள். போட்டதும் கொஞ்ச தூரம் ஓட்டினால்தான் ஃபில்டருக்குள் இருக்கும் பழைய டீசல் மாறும். கிளம்பும் முன் பேட்டரி டெர்மினல், மறக்க வேண்டாம்.

எஸ்டேட் டிராக்டரைச் சரிவில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்கிறோம். (கூடலூர்)

பழைய பம்ப் வண்டிக்கு நடக்கும். வீல் கட்டை போட்டு நிறுத்துங்கள். செல்ஃபைச் சரிசெய்ய மனமில்லையா?

ஸ்டார்ட் செய்து கால் மணி நேரம் நிறுத்தியே சூடாக்குகிறேன். (ஊட்டி)

டீசல்தான் வீண். அரை நிமிடம் போதும், ஆயில் டர்போவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதன்பின் முதல் இரண்டு கிலோமீட்டர் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதிக்காமல் மெதுவாக ஓட்டுங்கள்.